பஞ்சாபகேசன் சாதுவான வருஷம்

பம்பாய் மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்குப் பின்னால் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்தில் யுத்த காலத்தில் யாரும் அலாரம் கடிகாரம் வாங்கவில்லை. தேவைப்படவில்லை. காலை ஐந்தரை மணிக்கு இரண்டாம் மாடிப் பஞ்சாபகேசன் பால்கார பையாவோடு சண்டையை ஆரம்பித்துவிடுவார். பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்பதுதான் விஷயம். ஆறு மணிக்குக் குழாயடி. ஆறேகாலுக்கு, நேற்றைய பேப்பரைத் திருப்பித் தராத யாராவது. எட்டரை மணிக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, நகரத் தொடங்கிவிட்ட லோக்கலைப் பிடித்து, ரயில்வே கூட்ஸ் ஆபீசுக்குப் போன பிறகுதான் கட்டடம் மூச்சு விடும்.

முப்பத்தெட்டு வயது. கறுத்த, அடர்ந்த தாடி. காலையில் மழித்தால் மாலையில் கன்னம் நிழல் தட்டியிருக்கும். வீட்டில் இருக்கும்போது மேலுக்கு ஒன்றும் போடாமல், பூணூலும் வேஷ்டியுமாகப் பால்கனியில் உலாத்துவார். சண்டைக்கு ஆள் பார்க்கமாட்டார். ஆனால் வஞ்சம் வைத்துக்கொள்ளவும் தெரியாது. காலையில் "உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன்" என்று சொன்ன அதே மனிதரிடம் சாயங்காலம் போய், "ஒரு கரண்டி காப்பிப்பொடி இருக்குமா ஓய்?" என்பார்.

இப்படிப்பட்டவர் 1945ஆம் வருஷம் மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் சாதுவாகிவிட்டார்.

முதலில் கவனித்தது பையாதான். பாலை ஊற்றிவிட்டு வழக்கம்போல் ஒரு காலைப் பின்வாங்கி, திட்டு வாங்கத் தயாராக நின்றான். பஞ்சாபகேசன் பாத்திரத்தைப் பார்த்தார். பாத்திரத்தின் அடி தெரிந்தது. "சரி, போய்ட்டு வா" என்றார். பையா பயந்துபோய், தன் எருமை செத்துப்போனதால்தான் பால் இப்படி இருக்கிறது என்று கேட்காமலே ஒரு கதை சொன்னான். பஞ்சாபகேசனின் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அந்த எருமைக்குப் பேர் என்ன என்று கேட்டாராம்.

குழாயடியில் தன் முறை வந்தபோதும் மற்றவர்களை முன்னால் விட்டார். பேப்பரைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் ஈஸிசேரில் சாய்ந்து, ஏழு மணிக்கே தூங்கிவிடுவார். பெண் ஷ்யாமளா வாய்ப்பாட்டில் தப்புவிட்டால் முன்பெல்லாம் மேஜை அதிரும். இப்போது "பரவாயில்லேடா கண்ணு, ஏழெட்டு அம்பத்து நாலாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

கட்டடத்துக்குப் பரம சந்தோஷம். "பேருக்கேத்த மாதிரி பஞ்சாவே ஆயிட்டார்" என்று பக்கத்துப் போர்ஷன் வேங்கடசுப்ரமணியன் எல்லாரிடமும் சொன்னார். அவர் மனைவி விஜயலக்ஷ்மி, பஞ்சாபகேசனின் மனைவி பாகீரதியைக் குழாயடியில் மடக்கினாள்.

"என்னடி மந்திரம் போட்டே உங்காத்துக்காரருக்கு? எனக்கும் சொல்லிக் குடு. என்னவர் சண்டை போடமாட்டார், ஆனா குறட்டை. அதுக்கு ஆகுமா?"

பாகீரதி சிரித்துவைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதரோடு குடித்தனம் செய்தவள் அவள். மற்றவர்கள் கண்ணுக்குச் சாந்தமாகத் தெரிந்தது, அவள் கண்ணுக்கு விளக்கில் எண்ணெய் இறங்குகிற மாதிரி தெரிந்தது. இரண்டிரண்டு படியாக ஏறியவர் இப்போது முதல் மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் எதையோ படிப்பதுபோல் இளைப்பாறினார். அந்தச் சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரேஷன் அரிசிப் பையை மாடிக்குக் கொண்டுவரப் பாதி வழியில் ஆள் தேடினார். மார்கழிக் குளிரில் திடீரென்று முகம் சிவந்து, வியர்த்து, விசிறியைத் தேடினார். வெற்றுடம்போடு உலாத்தியவர் எந்நேரமும் பனியனோடு இருந்தார். குளிக்கப் போனால்கூட உள்ளே போய்த்தான் கழற்றினார். வெள்ளிக்கிழமை தோறும் மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி, இலைப் பொட்டலத்தை வாசல் மாடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் கால் அலம்பப் போகிறவர், பூக்கடைப் பக்கமே போவதை விட்டுவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? "என் அகத்துக்காரர் சண்டை போடமாட்டேங்கிறார்" என்று சொன்னால் ஊர் கையைத் தட்டிச் சிரிக்கும்.

கடைசியில் விஷயத்தை உடைத்தது நாவிதர் பூலோகம். தாராவியிலிருந்து நடந்து வந்து கட்டடத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் சவரம் செய்கிற திருநெல்வேலிக்காரர். அன்றைக்குப் பஞ்சாபகேசனின் முகத்தில் சோப்பைக் குழைத்து, கத்தியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார்.

"சாமி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுப்பா."

"ஒங்க தாடியில கத்திக்கு வேலையே இல்ல பாத்துக்கிடுங்க. முன்னல்லாம் ஒங்களுக்கு ஒருக்கா செரைக்கதுக்குள்ள மூணு தடவ சாணை பிடிக்கணும். இப்ப என்னன்னா, பச்சப் பிள்ள கன்னத்த தடவுன மாரி இருக்கு. இனி வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்லா?"

ஒரு வருஷத்துக்கு முன்பு இப்படிச் சொல்லியிருந்தால் சோப்புக் கிண்ணம் தெருவில் கிடந்திருக்கும். பஞ்சாபகேசன், "உன் இஷ்டம்" என்றார்.

சமையலறை நிலைப்படியில் நின்ற பாகீரதியைப் பூலோகம் ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. போகும்போது படியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இருவது வருசமா நூறு தாடி பாத்துட்டேன். நரைக்கும், கொட்டாது. சாமியக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டுங்க."

அன்று மத்தியானமே, ஷ்யாமளாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பாகீரதி தனியாகக் கிளம்பினாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டாக்டர் அனந்தகிருஷ்ணன் புதிதாக டிஸ்பென்ஸரி திறந்திருந்தார். பாலக்காட்டுக்காரர். நாலு வருஷம் பட்டாளத்தில் டாக்டராக இருந்துவிட்டு யுத்தம் முடிந்து வந்தவர்.

"என்ன பண்றது உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலை. எங்காத்துக்காரருக்கு."

"அவருக்கு என்ன?"

பாகீரதி புடவைத் தலைப்பை முறுக்கினாள். "சண்டை போட மாட்டேங்கறார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இந்த நாற்காலியிலே உக்காந்து நிறையப் பேர் அழுதிருக்கா. எல்லாரும் நேர் மாறாத்தான் சொல்லுவா."

"அதான் எனக்கும் சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எல்லாத்துக்கும் சரி சரிங்கறார். எருமைக்கு அழறார். தாடி வளர மாட்டேங்கறது."

கடைசி வாக்கியத்தில் டாக்டரின் முகம் மாறியது. சிரிப்பு போய், கேள்விகள் வந்தன. வியர்வை, தூக்கம், படியேறினால் மூச்சு. பிறகு, குரலைத் தாழ்த்தி, "தாம்பத்யம்?"

சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனிக் காலண்டரில் தேதி பார்ப்பதுபோல் அவள் வெகுநேரம் பார்த்தாள். "போன தீபாவளிக்கு முன்னாலேர்ந்து" என்றாள்.

"நாளைக்கு அழைச்சுண்டு வாங்கோ. வரமாட்டேன்னு கத்தினா என்கிட்ட சொல்லுங்கோ."

அவர் கத்தவில்லை. "டாக்டர்கிட்டப் போகணும்" என்றதும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்றுக்குட்டிபோல் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் அரைமணி நேரம் சோதித்தார். பிறகு அவளையும் உள்ளே அழைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலே பொன்னுக்கு வீங்கி வந்துதா இவருக்கு?"

வந்திருந்தது. கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வந்து, கடைசியில் பஞ்சாபகேசனுக்கும் வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி, பொன் பட்டால் வடியும் என்று பாகீரதியின் இரட்டைவடச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கட்டடமே சிரித்தது. சிரித்த ஒவ்வொருவரோடும் அவர் தனித்தனியாகச் சண்டை போட்டார்.

"அப்போ வீக்கம் கன்னத்தோட நிக்கலை" என்றார் டாக்டர். "கீழேயும் இறங்கியிருக்கு. பத்து நாள் நடக்க முடியாம இருந்திருக்கார். உங்ககிட்ட என்ன சொன்னார்?"

பாகீரதி கணவரைப் பார்த்தாள். "ரயில் ஃபுட்போர்டிலே வழுக்கி விழுந்துட்டேன்னார்."

பஞ்சாபகேசன் தரையைப் பார்த்தார். "இதைப் போய் எப்படிடி சொல்றது?" என்றார் மெல்லிய குரலில்.

"பட்டாளத்திலே ஒரே முகாம்ல நாப்பது பேருக்கு இது வந்து பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். "அதிலே எட்டுப் பேருக்குக் கீழே இறங்கித்து. பெரியவாளுக்கு வந்தா அந்த ஆபத்து உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பக்கம் கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும். இவருக்கு ரெண்டு பக்கமும் சுருங்கிப்போயிடுத்து. அங்கேர்ந்து ரத்தத்திலே கலக்கற சத்து ஒண்ணு இருக்கு, டெஸ்டோஸ்டெரோன்னு பேர். தாடிக்கு, எலும்புக்கு, சதைக்கு, ரத்தத்துக்கு, மனசுத் தெம்புக்கு, எல்லாத்துக்கும் அது வேணும். அது வத்திப்போச்சு. அதிலே மார்பும் கொஞ்சம் வீங்கியிருக்கு, அதான் பனியனைக் கழட்டவே வெக்கப்படறார். இது சோம்பேறித்தனமும் இல்லை, வைராக்யமும் இல்லை. வியாதி."

பஞ்சாபகேசன் முதல் முறையாக நிமிர்ந்தார். "வியாதியா? நான் ஏதோ... மனசு பக்குவப்பட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"பக்குவம் வந்தா தாடி கொட்டாது, மிஸ்டர் பஞ்சாபகேசன். ரிஷிகளைப் பாருங்கோ."

மருந்து எண்ணெயில் கரைத்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் கப்பலில் வந்தது. பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு மருந்துக் கடைக்காரர் தருவித்துக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று ஊசி, இடுப்புக்குக் கீழே. "இனிமே குழந்தை பிறக்காது, அதை இந்த மருந்து சரிபண்ணாது" என்றும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பாகீரதி, "ஷ்யாமளா இருக்காளே" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் அழுதாள்.

கட்டடத்தில் கேட்டவர்களுக்கு "வைட்டமின் ஊசி" என்று சொல்வதாக ஏற்பாடு. ஊசி போட்ட நாள் சாயங்காலம் பஞ்சாபகேசன் ஈஸிசேரில் ஒருக்களித்து உட்காருவார். விஜயலக்ஷ்மி அதைப் பார்த்துவிட்டு அது சர்க்கரை வியாதிதான் என்று மற்ற மூன்று மாடிக்கும் அறிவித்து, பாகற்காய் அனுப்பிவைத்தாள். அடுத்த வாரம் மூன்றாம் மாடியிலிருந்தும் பாகற்காய் வந்தது. பஞ்சாபகேசன் எல்லாவற்றையும் பேசாமல் சாப்பிட்டார். மருந்து இன்னும் வேலை செய்யவில்லை என்று பாகீரதி அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மூன்று வாரத்தில் வியர்வை நின்றது. ஐந்தாவது வாரம் முதல் மாடியில் நின்று சுவரைப் படிப்பதை நிறுத்தினார். இரண்டாவது மாதம் ஒரு புதன்கிழமை, டிஸ்பென்ஸரி பெஞ்சில் அவர் தன் முறைக்குக் காத்திருந்தபோது, பட்டுக் கோட்டுப் போட்ட ஒரு ஷேட் நேராக உள்ளே போகப் பார்த்தார். பஞ்சாபகேசன் எழுந்தார்.

"ஏ ஷேட்! லைன் மே ஆவ்! நான் என்ன இங்கே காத்து வாங்கவா உக்காந்திருக்கேன்? அஞ்சே முக்காலுக்கு வந்தவன்! டாக்டர், இது வைத்தியசாலையா, வெத்தலபாக்குக் கடையா? பட்டாளத்திலே இப்படித்தான் க்யூ நிறுத்தினேளா?"

குரல் கிங்ஸ் சர்க்கிள் டிராம் மணியை அமுக்கியது. டாக்டர் அரைக்கதவைத் திறந்துகொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மேஜைக்குப் போய் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதறேள்?" என்றார் பஞ்சாபகேசன், இன்னும் சூடு தணியாமல்.

"மருந்து வேலை செய்யறதுன்னு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. கோபத்தை நான் ஊசியிலே ஏத்தலை. அது உங்க சொந்தச் சரக்கு. அதைத் தூக்கி நிறுத்தற தெம்பு மட்டும்தான் என்னுது."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கட்டடம் விழித்துக்கொண்டது. பையா படியிறங்கி ஓடினான். வேங்கடசுப்ரமணியன் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, "போச்சு, நல்ல காலம் முடிஞ்சுபோச்சு" என்றார். நல்ல காலத்தில் என்ன நடந்தது என்பதை அவர் மறந்துவிட்டார். அந்த வருஷம் கட்டடச் சொந்தக்காரரின் மேனேஜர் மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தார். வடாம் காயப்போட இடமில்லாமல் பெண்கள் ஜன்னல் கம்பியில் கொசுவலையைக் கட்டித் திண்டாடினார்கள். வேங்கடசுப்ரமணியன் மூன்று முறை போய், மூன்று முறையும் மேனேஜர் தந்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். பஞ்சாபகேசன் அந்த ஞாயிற்றுக்கிழமை போனார். டீ குடிக்கவில்லை. கால் மணி நேரத்தில் சாவியோடு வந்தார்.

பாகற்காய் வருவது நின்று, வடாம் வர ஆரம்பித்தது.

ஆனால் வைட்டமின் ரகசியம் நிலைக்கவில்லை. வேங்கடசுப்ரமணியன் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இருமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், டாக்டர் மேஜைமேல் பஞ்சாபகேசன் பேர் போட்டிருந்த பெட்டியில் மருந்தின் பேரைப் படித்துவிட்டார். ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அது அவருக்குப் பெரிய தபஸ். பிறகு ஒரு சாயங்காலம் படிக்கட்டில் பஞ்சாபகேசனை வழிமறித்தார்.

"ஓய், அந்த வைட்டமின்... எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி அசதியா இருக்கு."

"இருமல்னேரே?"

"இருமல் போயிடுத்து. இப்போ அசதி." சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆத்துலே சொல்லவேண்டாம்."

இதேபோல் அந்த மாதத்தில் கட்டடத்திலிருந்து ஐந்து ஆண்கள் தனித்தனியாக டாக்டர் அனந்தகிருஷ்ணனைப் பார்க்கப் போனார்கள். ஒவ்வொருவரும் வேறு யாரோ ஒரு நண்பருக்காக விசாரிப்பதாகச் சொன்னார்கள். அந்த நண்பர்கள் எல்லாருக்கும் வயது நாற்பத்தைந்துக்கு மேல், தொப்பை, குறட்டை. டாக்டர் ஒவ்வொருவரையும் சோதித்தார். தாடி இருந்தது, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய அளவில் இருந்தது.

"உமக்கு இந்த ஊசி கிடையாது" என்றார் வேங்கடசுப்ரமணியனிடம். "பாத்திரம் காலியா இருந்தாத்தான் ஊத்தணும். நிறைஞ்ச பாத்திரத்திலே ஊத்தினா, உள்ளே ஊறறதும் நின்னுபோயிடும். உம்ம அசதிக்கு வேற மருந்து. விடியற்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து ஃபைவ் கார்டன்ஸை நாலு சுத்து சுத்தும். ராத்திரி பூரியைக் குறைச்சுக்கணும்."

அதன் பிறகு, ஃபைவ் கார்டன்ஸில் விடியற்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே கட்டடத்துக் கனவான்கள் ஐந்து பேர், மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இருபது அடி இடைவெளி விட்டு நடந்தார்கள். யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. விஜயலக்ஷ்மி மட்டும் பாகீரதியிடம், "இப்பல்லாம் குறட்டை குறைஞ்சிருக்குடி. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கறார்" என்றாள். பாகீரதியும் வாயைத் திறக்கவில்லை.

பூலோகம் மறுபடி ஒன்றுவிட்டு ஒரு நாள் வரத் தொடங்கினார். "சாமி, கத்தி மழுங்குது" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது பாகீரதிக்குச் சங்கீதமாக இருந்தது.

நாற்பத்தேழாம் வருஷம் தை மாதம், செம்பூரில் பாகீரதியின் சித்தி பெண்ணுக்குச் சீமந்தம். ஷ்யாமளாவை விஜயலக்ஷ்மியிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். குர்லாவில் இறங்கி வண்டி மாறவேண்டும். பிளாட்ஃபாரத்தில் டீக்காரன் அரை டம்ளர்தான் ஊற்றினான் என்று பஞ்சாபகேசன் ஆரம்பித்தார். டீக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டு பேரும் இரண்டு பாஷையில் நியாயம் பேசி முடிப்பதற்குள் செம்பூர் வண்டி புகையை விட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது.

பஞ்சாபகேசன் டம்ளரோடு வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியைத் தவறவிட்டதற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தில் படிந்த கரியைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தனியா டாக்டர்கிட்டப் போனியே. என்னன்னு சொன்னே?"

"நீங்க சண்டை போடலேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"கேட்டதுக்கெல்லாம் பதிலும் சொன்னேன்."

அவருக்குக் காது மடல் சிவந்தது. "நான் கத்தறது உனக்கு அவ்வளவு பிடிக்கறதா?"

"யாருக்குப் பிடிக்கும்? தலைவலிதான் வரது." டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள். "ஆனா அந்த ஒரு வருஷம் நீங்க ஆத்திலேயே இருந்தேள், இல்லாத மாதிரியும் இருந்தேள். கூப்பிட்டா பதில் வரும், ஆள் வரமாட்டேள். நான் யாருக்குச் சமைச்சேன், யாருக்குக் காத்திண்டிருந்தேன்னு எனக்கே புரியலை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஃபுட்போர்டுன்னு பொய் சொன்னேனே, அது தப்பு" என்றார்.

"தப்புதான்."

"இனிமே எது வீங்கினாலும் முதல்லே உன்கிட்டத்தான் சொல்லுவேன்."

பாகீரதிக்குப் புரை ஏறிவிட்டது. டீ புடவையில் சிந்தியது. அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொள்ள, பெஞ்சின் மறுகோடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி திரும்பிப் பார்த்தாள். "என்ன சிரிப்பு? என்ன சொல்லிட்டேன் இப்போ?" என்று பஞ்சாபகேசன் குரலை உயர்த்தினார். அடுத்த வண்டி இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. அது வரைக்கும் அதைப் பற்றித்தான் சண்டை.